கதைக்குள் ஒரு கம்பளி

இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் விடுதியில், மழையில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் எனக்கு ஓர் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடமாடுவார்கள். வாள் பட்டதா, தப்பித்தோமா என்பதைப் பகடை சொல்லும். போகும்போது பகடைகளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். தம்பியை நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

லொறி ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தது. நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவான். மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, பிழிந்த துணி மாதிரித் திரும்புவான். மற்ற நாட்களில் லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

அவன் மனைவி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் மலையில் வேலை இல்லை. மத்தியானம் அவர்கள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, மூவரும் பாயில் உட்கார்ந்து ஆடுவோம். அதிர்ந்து பேசாத அவள் வாள் வீசுகிறவளாக இருக்க ஆசைப்பட்டாள். தம்பி வழிகாட்டி. நான் கதை சொல்கிறவன்.

காயம்பட்டால் ஆற்ற ஏதாவது வேண்டுமே என்று ஒரு மந்திரச் செம்பை உண்டாக்கினேன். அதில் ஊறும் தண்ணீரைக் குடித்தால் எந்தக் காயமும் ஆறிவிடும் என்றேன். தம்பி உதட்டை நக்கிக்கொண்டான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து சொன்ன தண்ணீரை அவன் காலையிலேயே குடித்து முடித்திருந்தான்.

"தண்ணி வேணாண்ணே. குடிக்காம ஆறுற மாதிரி ஒண்ணு செய்ங்க."

செம்பு இல்லை, கம்பளி என்று மாற்றினேன். அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினால் விடிவதற்குள் உடம்பு தேறிவிடும். ஓர் இரவுக்கு ஒருவர்தான் போர்த்தலாம். தம்பிக்கு அது பிடித்துப்போய்விட்டது. வாரத்துக்கு வாரம் அதற்கு ஒரு குணம் சேர்த்துக்கொண்டே போனான். நனையாது, கிழியாது, யார் போர்த்தினாலும் அளவாக இருக்கும்.

அந்த மாதங்களில்தான் அவன் மனைவி தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதற்காகச் சோதனைகளுக்குப் போய்வந்தாள். பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, கதையில் ஒரு குகைக்குள் இருவரும் அடிபட்டு விழுந்தார்கள். அவள் ஆளுக்குக் கையில் வெட்டு. தம்பியின் ஆள் சாகக் கிடந்தான். கம்பளி அவனிடம் இருந்தது.

"அவளுக்குப் போர்த்துறேண்ணே," என்றான்.

"எனக்குக் கையில மட்டுந்தான். நீங்க போர்த்திக்கங்க."

"அவளுக்குத்தான்."

"ரெண்டு பேருமே போர்த்திக்கங்க. நான் மாத்திடுறேன்," என்றேன்.

"மாத்தாதீங்கண்ணே."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஆட்டத்தப் பத்திப் பேசல," என்றாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "மலையில ஏறி எறங்குற உடம்பு புள்ள. அத அறுத்து எனக்குக் குடுத்துட்டு நாளைக்கு நீ விழுந்துட்டா, நம்ம புள்ளைய யாரு பாக்கிறது?"

"நீங்க போய்ட்டா மட்டும் யாரு பாப்பா? என்னையக் கேக்காமலே வேணாம்னு முடிவு பண்ணி வச்சிருக்கீங்க. என் ஒடம்பு அது."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை வைக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. தம்பி பகடையை உருட்டினான். அவன் ஆள் செத்துப்போனான். அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை.

சில நாள் கழித்து விடுதிக்குப் போன் செய்தான். "சரின்னு சொல்லிட்டேண்ணே. ரெண்டு நாளா அவ எங்கூட பேசவே இல்ல. என்னால முடியல." சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஆப்பரேஷன் கண்டியில் என்று முடிவானது. அதற்குக் காத்திருந்தபோதே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பதுளை வார்டில், நானும் அவன் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டான். தேயிலைச் சரிவுக்குக் கீழே அடக்கம் செய்தோம். வழுக்கும் மண்ணில் பெட்டியை இறக்க ஆண்கள் திணறினார்கள்.

கருமாதி முடிந்த பிறகு, பதுளை ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட வாங்க மாமா என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. டாக்டர் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னோடது நல்லாத்தானே இருக்குன்னு சொன்னீங்க. வேற யாருக்காச்சும் குடுக்கலாமாங்க?"

டாக்டர், பிள்ளை சின்னது, இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம், கொஞ்ச காலம் போகட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் அங்கிருந்த மரப் பலகை வாங்கில் உட்கார்ந்து, சாவு வீட்டில்கூட அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். மெஷினுக்கு வந்த ஆட்கள் எங்களைக் கடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.