ராங்கெல் தரும் பழுப்பு உறை

ராங்கெல் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார். மணமக்கள் முன்னால் வர வர, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் தட்டேந்தி ஓடுகிறவர்களுக்கும் நடுவே முதுகாலேயே வழி கண்டுபிடித்துப் போகிறார். ஒரு நாற்காலிக் கால்கூட இடறுவதில்லை. இருபத்தாறு வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறிய உடம்பு. எங்கள் யாம்போல் நகரத்தின் பழைய அடுக்குமாடிகளில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன.

வயது ஐம்பத்து மூன்று. என் கணவர் வெலினுக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். உறவிலோ நட்பிலோ யார் வீட்டுக் கல்யாணமானாலும் படம் எடுப்பவர் அவர்தான். இதுவரை நூறு கல்யாணத்துக்கு மேல் இருக்கும். காசு வாங்கமாட்டார். "நான் லிஃப்ட் மெக்கானிக். இது சும்மா" என்பார். சும்மா செய்கிறவரை ஊர் சும்மா விடுமா?

எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. அதற்குக் கீழே வேலைக்குப் போடும் ரப்பர் அடி வைத்த சப்பாத்து, சத்தம் வராது. கேக் வெட்டும்வரை சாப்பிடுவதில்லை, ரக்கியாச் சாராயத்தைத் தொடுவதில்லை. வலது பையில் சூரியகாந்தி விதை, இடது பையில் அதன் தோல். கழுத்தில் இரண்டு கேமரா. ஏன் இரண்டு என்று கேட்டால், "ஒன்னு ஏமாத்தும்" என்பார். எது என்று அவருக்கும் தெரியாது. மின்சாரத்தை நம்பமாட்டார், வானிலை அறிக்கையை நம்பமாட்டார், பூக்கூடை தூக்கும் குழந்தைகளை அறவே நம்பமாட்டார். லிஃப்ட் மெக்கானிக்தான், ஆனால் வெளி இடங்களில் படியேறித்தான் போவார். "நான் பாத்து வச்ச லிஃப்ட்டுல மட்டும்தான் ஏறுவேன். மத்தவன் என்ன பண்ணி வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை. "என்னப் பாக்காதீங்க. நான் இங்க இல்ல." பத்து நிமிடத்தில் எல்லோரும் அதை நம்பிவிடுவார்கள். தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உறைகளைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது பல் மருத்துவரின் மனைவி ஸ்தெஃப்கா விஷயத்தில். அவள் அண்ணன் மகள் கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, ராங்கெல் அவள் கையில் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அவரைக் கண்டால் ஸ்தெஃப்கா எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறாள். உள்ளே என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது. அடுத்து குழாய் வேலை பார்க்கும் நய்டென். தன் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கும் ஒரு உறை வந்ததாம்; ஒருநாள் போய் ராங்கெல் வீட்டு வெந்நீர்க் கொதிகலனைக் கூலி வாங்காமல் பழுதுபார்த்துக் கொடுத்தான். சொந்தத் தாய்க்கே கூலி இல்லாமல் ஒரு குழாயைத் திருகாதவன் அவன். "காசு வாங்காதவன் வேற எதையோ வாங்குறான்னு அர்த்தம்" என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

எங்கள் அலுவலகம் என்பது ஊர் வாரப் பத்திரிகை. நான் மெய்ப்பு பார்ப்பவள். அச்சில் வந்த எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு.

போன செப்டம்பரில் என் மகன் கலோயனுக்குக் கல்யாணம். பெண் எலிட்சா. அவனைவிட ஆறு வயது மூத்தவள். ஏற்கெனவே ஒருமுறை மணமாகி விலகியவள். எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை, வெலினிடம்கூட. உணவகத்து வாசலில் வெள்ளைத் துணி விரித்தேன். ரொட்டியைப் பிட்டுத் தேனில் தோய்த்து முதலில் மருமகளுக்கு, பிறகு மகனுக்கு ஊட்டினேன். ஒரு மாமியார் செய்ய வேண்டியது ஒன்றுகூடப் பாக்கி வைக்கவில்லை. நூற்று நாற்பது பேர் கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டே செய்தேன் என்று எந்தத் தேவாலயத்திலும் சத்தியம் செய்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து படங்கள் பென்டிரைவில் வந்தன. வெலின் படங்களைப் பார்த்தார். நான் எண்களைப் பார்த்தேன். பக்க எண் சரிபார்த்தே பழகிய கண். முந்நூற்று நாற்பத்தேழில் நான் தேன் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறேன். அடுத்த படம் முந்நூற்று ஐம்பது, கலோயன் மென்றுகொண்டிருக்கிறான். நடுவில் இரண்டு இல்லை. மொத்தமாகச் சரிபார்த்தபோது பதினோரு எண்கள் காணவில்லை. ராங்கெலைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ராங்கெல், முந்நூத்தி நாப்பத்தெட்டு எங்க?"

"அண்ணி, எல்லாரும் படத்தப் பாப்பாங்க. நீங்க நம்பரயா பாத்தீங்க?"

"எங்கன்னு கேட்டேன்."

"யாராவது கண்ணச் சிமிட்டியிருப்பாங்க."

"தேன் ஊட்டுற எடத்துல வந்துதான் சிமிட்டினாங்களா?"

"லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன் அண்ணி. அப்பறம் பேசுறேன்."

லிஃப்டுக்குள் அவர் தொலைபேசிக்கு இணைப்பே கிடைக்காது. அதை எத்தனையோ தடவை அவரே சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார்.

நாலாம் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், மூன்று மாடி படியேறி. வேலை உடுப்பு. கையெல்லாம் கிரீஸ், அதனால் ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி, மூலையை மட்டும் பிடித்து, அந்தப் பழுப்பு உறையை என் மேசைமேல் வைத்தார். "இது உங்களோடது. வேற எங்கயும் இல்ல." அவ்வளவுதான். மறுபடி படியிறங்கிப் போய்விட்டார்.

கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிரித்தேன்.

என் கை நீண்டிருக்கிறது. ரொட்டித் துண்டிலிருந்து தேன் நூலாக இறங்குகிறது. என் உதடுகள் சிரிக்கின்றன. கண்கள் சிரிக்கவில்லை. கழுவித் துடைத்த வீட்டுக்குள் செருப்போடு ஏறி வந்த ஆளைப் பார்க்கிற பார்வை அது. ஒளிவு மறைவில்லாமல் அப்படியே இருந்தது. அந்த முகம் என்னிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் வந்தது வெட்கமில்லை, பயம். இதை யார் யார் பார்த்திருக்கிறார்கள்? படத்தை அகராதிக்குள் ஒளித்து வைத்தேன். அடுத்த மூன்று நாளும் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். சந்தையில் ராங்கெலின் மனைவி த்சொன்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஏன் சிரித்தாள்? வியாழக்கிழமை கலோயன் அழைக்கவில்லை, ஏன் அழைக்கவில்லை? நய்டெனின் வெந்நீர்க் கொதிகலன் கதை வேறு மனதில் ஓடியது. என்னிடம் என்ன கேட்கப்போகிறார் இந்த மனிதர்?

சனிக்கிழமை மத்தியானம் நேராக அவர் வீட்டுக்கே போனேன். ஐந்தாவது மாடி. பால்கனியில் கணவனும் மனைவியும் குளிர்காலத்துக்காகச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகைக்கு நடுவில் நின்றபடியே கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும்?"

"எதுக்கு அண்ணி?"

"உறை குடுத்தியே. பதிலுக்கு என்ன வேணும்னு கேக்குறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் த்சொன்கா இடுக்கியைக் கீழே வைத்தாள். "நல்லாக் கேளுங்கக்கா. அழிச்சுத் தொலைன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். ஒருநாளைக்கு யாராவது போலீஸக் கூட்டிட்டு வந்து நிப்பாங்கன்னும் சொன்னேன். இந்த மனுசன் காதுல ஏறினாத்தானே."

"அழிக்க நான் யாரு? என் மூஞ்சியா அது?" என்றார் ராங்கெல்.

"அப்ப மத்ததோட சேத்துக் குடுக்க வேண்டியதுதானே" என்றேன்.

"அதுக்கும் நான் யாரு?"

ஒரு மிளகாயை எடுத்துக் கருகிய தோலை உரித்துக்கொண்டே சொன்னார். அவர் படமெடுத்த முதல் கல்யாணம் ராதோய் என்ற நண்பனுடையதாம். அப்போதெல்லாம் பிலிம் சுருள். கழுவி வந்த அத்தனையையும் அப்படியே கொடுத்துவிட்டார். ஒரு படத்தில் மணப்பெண் எங்கோ பார்த்து முகத்தைச் சுளித்திருந்தாள்.

"ஆறு மாசம் அந்த ஒத்தப் படத்தையே தூக்கிட்டு அலைஞ்சான் அண்ணி. இவ அப்ப என்ன நெனச்சா, யாரப் பாத்தா, யாரப் பாத்தான்னு. அவளக் கேட்டா, செருப்பு கடிச்சிச்சுங்கிறா. செருப்புதான் கடிச்சிருக்கும். அவன் நம்பல. அடுத்த வருசம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டாங்க." தோலைக் கிண்ணத்தில் போட்டார். "அதுக்கப்பறம், மூஞ்சி யாரோடதோ படம் அவங்களுக்கு. வச்சுக்கட்டும், கிழிக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

"நய்டென் ஏன் உன் வீட்டுல சும்மா வேல செஞ்சான்?"

"அவனத்தான் கேக்கணும். அவன் படத்துல அழுதுட்டிருந்தான். அழகா இருந்துச்சு."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். கணினியைக் காட்டச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி பால்கனிக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் துழாவினேன். கல்யாணங்களை அவர் மணமக்கள் பெயரால் அடுக்கவில்லை; லிஃப்ட் பதிவேடுபோல, அவர்கள் குடியிருக்கும் கட்டட எண்ணும் மாடியுமாக அடுக்கியிருந்தார். என் படம் எங்கேயும் இல்லை. வேறு யாருடையதும் இல்லை.

"முந்நூத்தி நாப்பத்தொம்பது?" என்று உள்ளேயிருந்து கேட்டேன். "அதுவும் நானா?"

"இல்ல."

"வேற யாரு?"

"யாரோடதோ அவங்ககிட்ட குடுத்தாச்சு."

"எலிட்சாவா?"

அவர் மிளகாயைப் புரட்டினார். த்சொன்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக ஊரிலுள்ள ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்த முகத்தை இரண்டு சாண் தூரத்தில் நின்று, வாயைத் திறந்துகொண்டு, நேருக்கு நேர் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை நினைக்கவே இல்லை.

அங்கிருந்து நேராக மகன் வீட்டுக்குப் போனேன். கலோயன் வெளியே போயிருந்தான். எலிட்சா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் அகராதியிலிருந்து எடுத்துக் கைப்பைக்கு மாற்றியிருந்த உறையைச் சமையலறை மேசைமேல் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். கரண்டிகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து அதேபோன்ற உறையை எடுத்து, தன் படத்தை என் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

அன்றைக்கு அவள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, என்ன திமிர் என்று நினைத்திருந்தேன். படத்தில் திமிர் இல்லை. கசக்காது என்று பொய் சொல்லி மருந்து ஊட்டப்படும் குழந்தையின் முகம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேசைமேல் இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"உங்க மூஞ்சிய நான் நேர்லயே பாத்தேன் அத்தை. எனக்கு எதுக்குப் போட்டோ?" என்றாள்.

"கலோயன் இதப் பாத்தானா?"

"அவன் கரண்டி எடுக்க அந்த டிராயரத் தொறந்தாத்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன். அவளும் சிரித்தாள். பிறகு துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டே, "தேன் நல்லா இருந்துச்சு" என்றாள்.

அன்றோடு நாங்கள் தாயும் மகளும் ஆகிவிட்டோம் என்றெல்லாம் எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் செய்து கொண்டுவருகிறாள். சர்க்கரை அதிகம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். "அப்ப ரெண்டாவது துண்டு ஏன் எடுத்தீங்க?" என்று அவளும் கேட்கிறாள். அந்த இரண்டு படங்களும் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில்தான் விட்டுவந்தேன்.

ராங்கெலிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன், எனக்கும் எலிட்சாவுக்கும் அடுத்தடுத்து உறை கொடுத்தது தற்செயலா என்று. "எனக்கு என்ன தெரியும் அண்ணி, நான் லிஃப்ட் மெக்கானிக்" என்றார். நான் நம்பவில்லை. இப்போதும் உறவுக்காரர் யார் வீட்டுப் படங்கள் வந்தாலும் முதலில் எண் வரிசையைத்தான் பார்க்கிறேன். கல்யாணத்தில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அந்த ரப்பர்ச் சப்பாத்து எங்கே இருக்கிறதென்று ஒரு கண் தேடிக்கொண்டே இருக்கிறது. தேடினால் தெரிகிற ஆளா அவர்?

இந்த மே மாதம் வெலினின் தங்கை மகளுக்குக் கல்யாணம். நல்ல வெயில், தோட்டத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். எல்லோரும் கைகோத்து ஹோரோ ஆடப் போய்விட்டார்கள். நான் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தேன். அதிசயமாக ராங்கெல் என் கண்ணில் பட்டார். வால்நட் மரத்தடியில் நின்றிருந்தார். இரண்டு கேமராவும் மார்பில் சும்மா தொங்கின. ஆட்ட வரிசைக்கு அப்பால், த்சொன்கா அக்கார்டியன் வாசிப்பவனின் தோளில் ஒரு கையை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் தொலைபேசியை எடுத்து, அவரை மட்டும் ஒரு படம் எடுத்தேன்.

எப்படித்தான் தெரிந்ததோ, நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"காட்டுங்க."

கொடுத்தேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் தன் முகத்தைப் பெரிதாக்கினார். பிறகு தான் பார்த்துக்கொண்டிருந்த திசைப் பக்கமாகப் படத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். மரம் போயிற்று, மேசை போயிற்று, த்சொன்கா வருவதற்குள் படம் முடிந்தது. அவர் விரல் அந்த விளிம்பை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.