இஞ்சியின் மேல் விழுந்த பழி

எங்கள் வீட்டில் மரவள்ளி அவிக்கிற நாளில் இஞ்சிக்கு ஊரடங்குச் சட்டம். இரண்டும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஆள் காலி என்பது மலைநாடு முழுக்கச் சொல்கிற பேச்சுதான். ஆனால் என் வீட்டுக்காரர் அளவுக்கு அதைக் காவல் காத்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். இஞ்சி பிஸ்கட்டைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுவார். தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதட்ட ஆள் இல்லாமல் போகவே, பசறைக்கு மேலே எங்கள் துண்டு நிலத்தில் தினம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டைப் பன்றிக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

இருந்தது ஒரே பன்றி. முதல் சினை. அதன் வயிற்றைத் தடவிக் குட்டிகளை எண்ணுவதாகச் சொல்வார். நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடும். நான் பிள்ளைகளைச் சுமந்தபோது திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் இருந்த அதே மனிதர்தான்.

தங்கை பேரனின் ஞானஸ்நானத்துக்காக நான் தெமோதரைக்குப் புறப்பட்ட அன்று படித்துப் படித்துச் சொன்னேன். வேலியோரத்தில் நிற்பது கசப்பு மரவள்ளி. தோல் சீவி, துண்டு போட்டு, மூடாத பானையில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பன்றிக்குப் போட வேண்டும் என்றேன். எல்லாம் தனக்குத் தெரியும் என்று என்னை பஸ்ஸுக்கு விரட்டினார். தெரிந்தவருக்கு மழையில் விறகு நனைந்துவிட்டது. காட்டுப்பன்றி அடுப்பு மூட்டியா தின்கிறது என்று ஒரு ஞானமும் பிறந்திருக்கிறது. இருந்ததில் பெரிய கிழங்குகளாகப் பார்த்துப் பிடுங்கி, தோலோடு பச்சையாகப் போட்டுவிட்டார். பாசத்தில் அளவும் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது பன்றி பட்டியில் சரிந்து கிடந்தது. வாயில் நுரை, மூச்சுத் திணறல். அவர் ஈரத் தரையிலேயே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"காலையில இஞ்சி பிளேன்டீ குடிச்சியே, அந்தச் சக்கைய பன்னிக்கு வைக்கிற கழனி வாளியிலயா கொட்டுன?"

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு மிருக வைத்தியருக்குப் போன் போட்டேன். பச்சை மரவள்ளியில் விஷம் இருக்கிறது, உடனே வருகிறேன் என்றார். அந்த வளைவு ரோட்டில் உடனே என்றால் எவ்வளவு நேரம் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரரின் கை பன்றியின் வயிற்றிலேயே இருந்தது.

"உள்ள இன்னும் அசையுது புள்ள."

கொஞ்ச நேரத்தில் பன்றியின் மூச்சு நின்றது, பிறகு உள்ளே அசைவும் நின்றது. அவர் கையை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது வேறு பன்றி வளர்க்கிறோம். கிழங்கு அவிப்பதை என்னிடம் விடுவதில்லை. அவரே தோல் சீவி, பானையைத் திறந்து வைத்து அவித்து, தண்ணீரைக் கொட்டி, ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் போடுகிறார். பன்றி வளர்க்கிறவர்கள் யாராவது வந்தால் உபதேசமும் உண்டு.

"நல்லா அவிச்சுப் போடுங்க. இஞ்சி மட்டும் படக் கூடாது. எங்க பன்னி அதுலதான் போச்சு."

நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன், திருத்துவதில்லை. அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். பழியை இஞ்சியே சுமக்கட்டும்.