மர்சூகா கொட்டாத மேளம்

மர்சூகாவுக்குத் தன் ஊர் தெரியாது. சிறு பிள்ளையாக புரைமி அடிமைச் சந்தையில் விற்கப்பட்டாள் என்பது மட்டும் தெரியும். வாங்கியது வளைகுடாக் கரை ஊரான ராஸ் அல் கைமாவின் முத்து வியாபாரி ஒருவர் வீடு. பெயரும் அந்த வீடு வைத்ததுதான். தண்ணீர் சுமந்தாள். அவர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்து வளர்த்தாள். கல்யாணங்களில் மேளம் கொட்டினாள். அடிமை முறை ஒழிந்தது என்று ஒரு நாள் சொன்னார்கள். மறுநாளும் தண்ணீர் சுமந்தாள். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

1974இல் அவள் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயா. சொந்தச் சம்பளம், சொந்த அறை. ஆனாலும் தன்னை வாங்கிய அந்தப் பெரிய வீட்டில் கல்யாணம் என்றால் பின்வாசல் வழியே போய் மேளம் கொட்ட வேண்டும். யாரும் கேட்பதில்லை. சொல்லியனுப்புவார்கள்.

அந்த வருடம் சொல்ல வந்தவர் மூசா. பெரிய வீட்டின் கணக்கர், பலூச்சிக்காரர், வெளுத்த நிறம். வார்டில் நின்று நர்சுகளை அழைத்தார்.

“சிஸ்டர், கல்யாணத்துக்கு எல்லாரும் வரணும். மர்சூகா, நீ ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. மேளத்த வெயில்ல காயவை.”

“நான் சிஸ்டருங்களோட வர்றேன்.”

“விளையாடாத.”

மர்சூகா பக்கத்தில் நின்ற குளச்சல்காரி நர்ஸ் அருள்செல்வியின் கையைப் பிடித்து இழுத்தாள். “இந்தப் பொண்ணப் பாரு. என்னைவிடக் கறுப்பு. இவளுக்கு முன்வாசல், எனக்குப் பின்வாசலா?”

“அதுக்கு என் நெறத்தயா இழுக்கணும், அக்கா?” என்றாள் அருள்செல்வி.

“அவங்க இந்தியாவுலேர்ந்து வேலைக்கு வந்தவங்க. நீ...” மூசா நிறுத்திக்கொண்டார்.

“சொல்லேன். அடிமை. உன்னையும் என்னையும் ஒரே கயித்துல கட்டித்தானே வித்தாங்க? எனக்கு வெல ஜாஸ்தி. நீ இருமிக்கிட்டே இருந்த.”

அருள்செல்வி சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மூசாவின் பிள்ளைகளை இப்போது யாரும் அடிமை என்பதில்லை. எந்தச் சந்தையையும் பார்த்திராத மர்சூகாவின் மகனைத் தெருவில் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“மெல்லப் பேசு. என் பசங்களுக்குத் தெரியாது.”

“என் பையனுக்கு யாரும் சொல்லவே வேணாம், மூஞ்சியப் பாத்தே கூப்பிடறாங்க. அன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் பல்லத்தானே பாத்தாங்க, மூசா? நெறமெல்லாம் அப்புறம் கட்டுன கதை.”

“வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை கலாஸ்.”

“சொல்லட்டும்.”

அவர் போனபின் இருவரும் விரிப்புகளை மடித்தார்கள்.

“பயமா இல்லியா, அக்கா?”

“இருக்கு. அதுக்காக மேளமா கொட்டுறது?”

“எங்க ஊர்லயும் கொட்டுறவங்களுக்குப் பின்பக்கந்தான் சோறு.”

“நீ எந்தப் பக்கம் தின்ன?”

அருள்செல்வி அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

கல்யாணத்தன்று மர்சூகா நர்சுகளோடு முன்வாசலில் நுழைந்து, பெண்கள் பந்தலில் கம்பளத்தில் உட்கார்ந்தாள். காப்பி ஊற்றிவந்தவள் அவளைத் தாண்டிப் போனாள். அருள்செல்வி தன் கோப்பையை மர்சூகாவிடம் கொடுத்துவிட்டுத் தனக்கு வேறொன்று கேட்டாள்.

வீட்டின் மூத்த மகள் எழுந்தாள். மர்சூகாவின் இடுப்பில் வளர்ந்தவள் அவள். உள்ளேயிருந்து மேளத்தைத் தானே தூக்கிவந்து மர்சூகாவின் முன் வைத்தாள்.

“கொட்டு. மானத்த வாங்காத.”

மர்சூகா காப்பியை ஒரு வாய் குடித்தாள். கோப்பையை மேளத்தின் மேல் வைத்தாள்.

“காப்பி நல்லா இருக்கு” என்றாள்.

மேளம் கடைசிவரை அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அவளை வார்டிலிருந்து சலவைக் கூடத்துக்கு மாற்றினார்கள். நீராவி, சலவைச் சோடா நெடி, குறைந்த சம்பளம். அழுக்குத் துணி மூட்டையோடு வந்த அருள்செல்வி கேட்டாள்.

“இனி அந்த வீட்டுல கல்யாணம்னா என்ன செய்வீங்க, அக்கா?”

“போவேன்” என்றாள் மர்சூகா, ஒரு விரிப்பை முறுக்கிப் பிழிந்தபடி. “முன்வாசல் எங்க இருக்குன்னுதான் பாத்தாச்சே.”