நாய்க்காரராக நடித்த டாக்டர்

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு சின்ன கால்நடை மருத்துவமனையில் டாக்டராக இருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு மாதவரத்தில் ஒருநாள் பயிற்சி வைத்திருந்தார்கள். மருந்து, ஊசி பற்றியல்ல. பிராணிகளை வளர்ப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று.

"மாடும் நாயும் பேசாதுன்னுதானே இந்தப் படிப்புக்கே வந்தோம்!" என்றார் ராயபுரத்திலிருந்து வந்திருந்த டாக்டர். ஐம்பது வயதிருக்கும். எனக்கு நல்ல பழக்கம். அவர் இருக்குமிடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

மதியம் எங்களை ஜோடி ஜோடியாக நடிக்கச் சொன்னார் பயிற்சி கொடுத்த அம்மா. நான் டாக்டர், ராயபுரத்துக்காரர் நாய்க்காரர். ஆபரேஷனுக்கு விட்டுவிட்டுப் போன நாய் இறந்துவிட்டது. அதை அழைத்துப்போக வருகிறவரிடம் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு வந்தார். "இன்னா டாக்டரம்மா, நம்ம பய எப்டி கீறான்? வூட்டுக்கு இட்டுனு போலாமா?"

அறையே சிரித்தது. காலையில் சொல்லிக்கொடுத்தபடி அவரை உட்காரச் சொல்லி, நானும் எதிரில் உட்கார்ந்தேன். "ஒரு வருத்தமான விஷயம் சொல்லணும். எங்களால முடிஞ்ச வரைக்கும் பார்த்தோம். காப்பாத்த முடியல. இறந்துட்டான்."

அவர் கோபப்பட்டுச் சத்தம் போட வேண்டும். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் தணிந்த குரலில் கேட்டார்.

"வலிச்சுதா?"

"இல்லை. மயக்கத்துல இருக்கும்போதே..."

"நடுவுல முழிச்சுக்கினு என்னைத் தேடினாளா?"

தேடினாளா என்று கேட்டார். நடிப்பு என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். முந்தைய வருடம்தான் அவர் மனைவி ஆபரேஷன் மேசையிலேயே இறந்துபோயிருந்தார். காரியத்துக்கு நானும் போயிருந்தேன். அன்றுகூட அவர் வந்தவர்களையெல்லாம் சாப்பிட்டீர்களா என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியல சார்" என்றேன். அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. மேசைமேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெளியே படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். "அன்னிக்கு ஆஸ்பத்திரில டீ குடிச்சிட்டு வந்தேம்மா. வராண்டாவுல நடந்துகினே டாக்டர் ஒருத்தர் விஷயத்தச் சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னா கேக்கறதுன்னே தெரியாம நின்னுட்டேன். அப்பால ஒருதபா போய் விசாரிச்சேன். அங்க யாருக்கும் அவளை ஞாபகமே இல்ல" என்றார்.

வீட்டுக்குப் போகலாமே என்றேன். கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "இப்ப நான் டாக்டர், நீங்க நாய்க்காரங்க" என்று எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தானாகச் சேர்த்தார். "கடைசி வரைக்கும் நான் பக்கத்துலயே இருந்தேம்மா. தலையத் தடவிக் குடுத்துக்கினே இருந்தேன்."

இல்லாத ஒரு நாய்க்காக நான் அழுதேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்றும் இறப்புச் செய்தி சொல்ல நேரும்போதெல்லாம் உட்கார்ந்துதான் சொல்கிறேன். சொன்னதும் எழுந்துவிடுவதில்லை, ஏனென்றால் எதிரில் இருப்பவருக்குக் கேட்க ஏதோ ஒன்று இருக்கும், அது வாய்வரைக்கும் வர நேரம் பிடிக்கும்.