துபாயிலிருந்து வந்த காப்புக்கட்டு

எங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்பதை எங்களுக்குச் சொல்கிறவர் துபாயில் இருக்கிறார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் உண்மை அதுதான். ராமநாதபுரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வருகிற நகர்ப் பகுதியில் எங்கள் வீடு. தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டில் காதுகுத்து, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று எல்லாச் செய்தியும் தெரு வாட்ஸப் குழுவில்தான் வரும். அந்தக் குழுவை நடத்துகிறவர் கடைசி வீட்டுத் தம்பி. பல வருடமாகத் துபாயில் ஏ.சி. பழுது பார்க்கிறார். தெருமுனையில் குழி தோண்டினால்கூட அவர் அங்கிருந்து எழுதித்தான் இங்கே இருக்கிற எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொல்கிறார்கள் என்பது இதுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் சொல்ல வந்தது போன பங்குனியில் நடந்ததை. நடந்தது என்று சொல்லலாமா என்பதே சந்தேகம்தான். நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கிறுக்குப் பிடித்து நின்றோம்.

எங்கள் அம்மன் கோயில் சின்னது. செவ்வாயும் வெள்ளியும்தான் திறக்கும். பூசாரி வீடு டவுனுக்கு அந்தக் கடைசியில். அவரிடம் இருப்பது பட்டன் போன், வாட்ஸப்புக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அம்மனுக்குக் காப்புக் கட்டுவார். கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை எங்கள் பகுதி ஆட்கள் கவுச்சி தொடக் கூடாது, வெளியூரில் போய் ராத்தங்கக் கூடாது. முளைப்பாரி எடுக்கிற பெண்கள் அதற்குப் பிறகுதான் மண்சட்டியில் பயறு விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். பயிர் ஓங்கி வளர்ந்தால் வேண்டுதல் பலித்தது என்று கணக்கு.

வழக்கமாகக் காப்பு என்றால் ஊருக்கே காது கிழியும். கோயிலில் கட்டிவைத்த குழாய் அலறும், மேளம் தெருத்தெருவாக வரும். நான் சொல்கிற வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பதால் குழாயும் கிடையாது, மேளமும் கிடையாது என்று முன்னமே பேச்சு அடிபட்டது. ஆகையால் சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருடம் நான் முளைப்பாரி நேர்ந்திருந்தேன். தொண்டியில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு முதல் கரு தங்காமல் போய்விட்டது. மறுபடி உண்டாகி ஐந்தாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் ஆத்தா, உனக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். என்றைக்குக் காப்பு, என்றைக்குக் காப்பு என்று நானே குழுவில் கேட்டு எல்லோருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துபாய்த் தம்பி ஒரு வீடியோ போட்டார். கோயில் வாசல், கூட்டம், பூசாரி கையில் மஞ்சள் கயிறு. கீழே "நம்ம ஆத்தாளுக்குக் காப்புக்கட்டு" என்று எழுதி, கும்பிடுகிற கை வரிசையாக. ஆளுக்கு ஆள் கும்பிட்ட கையைத் திருப்பிப் போட்டார்கள். நானும் போட்டேன். வீடியோவை முழுதாகப் பார்த்தேனா என்றால், இல்லை. பூசாரி முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய்ப் பயறை ஊறப்போட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்தபோது மூலைவீட்டு அக்கா காப்புக்கு அடையாளமாக நிலையில் வேப்பிலை செருகியிருந்தார். அவர் செருகினால் நான் சும்மா இருப்பேனா? நானும் செருகினேன். கொஞ்ச நேரத்தில் தெருவே பச்சை. சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, ஊறிய பயறை விதைத்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கூடையோடு வந்த மீன்காரம்மா தெருவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னத்தா எல்லாரும் எலையக் கட்டிட்டீக?"

"காப்புக் கட்டியாச்சுல்ல."

"எப்பக் கட்டுனாக? இப்பத்தான் கோயில் வழியா வாரேன், அங்கன ஒரு ஈ காக்கா இல்ல. பூட்டிக் கெடக்கு."

"புதன்கிழமை பூட்டித்தான் கெடக்கும்" என்று நான்தான் பதில் சொன்னேன். அதில் ஒரு அதிகாரம் வேறு. அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பத்துப் பதினொரு மணி இருக்கும், மகள் போன் செய்தாள்.

"ம்மா, காலையில லேசா ரத்தம் பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அசையாமப் படுக்கச் சொல்லிட்டாங்க. சாயங்காலம் ஸ்கேன் பாக்கணுமாம்."

மருமகன் திருச்சிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். கூட இருந்தது அவள் மாமியார் மட்டும். அந்த மதினிக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். ராத்திரிக்கு ஒருத்தர் கூடத் தங்கியே ஆக வேண்டும்.

"இந்தா வாரேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நிலையில் செருகிய வேப்பிலை கண்ணில் பட்டது.

மகளும் குழுவில் இருக்கிறாள். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு, "காப்புக் கட்டிட்டாங்கள்லம்மா, வீடியோ பாத்தேன். நீ வராத. நான் இருந்துக்கிருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வராதே என்று அவள் சொன்ன விதத்தில் வா என்பது எனக்குக் கேட்டது. இல்லை, உண்மையாகவே வராதே என்றுதான் சொன்னாளோ? அது இன்னும் எனக்குத் தெரியாது.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. போனால் பிள்ளைக்காக நேர்ந்த வேண்டுதலை நானே மீறியது ஆகும். இருந்தால் அந்தப் பிள்ளையைச் சுமக்கிறவள் துணையில்லாமல் கிடப்பாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே பிள்ளைதான் நிற்கிறது. இப்படியும் ஒரு சிக்கலை ஆத்தா வைப்பாளா என்று கோபம் கோபமாக வந்தது. உடனே, கோபப்பட்டது குற்றமாகிவிடுமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூலைவீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். பகலில் போகலாம், ராத்தங்காமல் திரும்பிவிட வேண்டும் என்றார். ராத்திரிக்கு ஆள் வேண்டும் என்றுதானே போவதே என்றேன். அப்படியானால் எல்லையைத் தாண்டாத இடமாகப் பார்த்து அவளை இங்கே கொண்டுவந்து சேர்க்கலாமே என்றார். அசையாமல் படுக்கச் சொன்னவளை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால், "அதுவுஞ் சரிதான்" என்கிறார். அவருடன் பேசப் பேசத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எல்லை என்று சொன்னதும்தான் அடுத்த குழப்பம். நான் கடலாடிக்கு உள்ளே இருக்கிற கிராமத்தில் பிறந்தவள். அங்கே எல்லைக்கு ஒரு கல் உண்டு, கல்லுக்கு இந்தப் பக்கம் நம்ம ஊர், அந்தப் பக்கம் அயலூர், முடிந்தது. இந்த நகரத்தில் கல்லுக்கு எங்கே போவது? ரயில்வே கேட்தான் எல்லை என்றார் அக்கா. சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் கையைக் கழுவாமலே நின்று கேட்டார்:

"அப்ப நான் தெனம் கேட்டத் தாண்டித்தான பட்டறைக்குப் போறேன்? ஒர்க்‌ஷாப்புல வேலை கெடந்தா வர்றதுக்குப் பத்து மணி ஆயிருது. அது பகலா ராத்திரியா?"

இவருக்கு எதிலும் இப்படி ஒரு கேள்வி. மகள் படுத்துக் கிடக்கிறாள் என்றதும் மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீ போன்னா போறேன், இருன்னா இருக்கேன். எனக்கு ஒண்ணுமே ஓடல" என்றார். எனக்கு மட்டும் ஓடுகிறதா? பெண்கள் படுத்திருக்கிற வார்டில் ராத்திரிக்கு அவரை விடுவார்களா என்பது வேறு. பூசாரிக்குப் போன் செய்தால் அணைந்து கிடந்தது.

அந்தப் பகலை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பையில் சேலையை எடுத்து வைப்பேன், திரும்ப எடுத்துப் பீரோவில் வைப்பேன். இருட்டு அறைக் கதவைத் திறந்து பார்ப்பேன். காலையில் விதைத்த பயறு மத்தியானம் முளைக்குமா? முளைத்திருந்தால் ஏதாவது பதில் கிடைக்கும் என்று நினைத்தேன் போல.

அது நோன்பு மாதம். எதிர்வீட்டில் இருப்பவர் பெரியபட்டினத்து ராத்தா, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு வந்தார்.

"எலையைக் கட்டியிருக்கியள்ல, அதான் கறி போடாம ஒனக்குத் தனியாக் காச்சுனேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு ராத்தா கேட்டார்:

"எப்பமா காப்புக் கட்டுனாக?"

"நேத்துத்தான் ராத்தா. குரூப்புல வீடியோ வந்துச்சுல்ல."

"அது போன வருசத்துப் படமுல்ல?"

எனக்குப் புரியவில்லை. ராத்தா தன் போனை எடுத்து வீடியோவை ஓட்டினார். நான் நிறுத்திய இடத்துக்கு வெகுதூரம் அப்பால், மேளம் எங்கள் தெருவுக்குள் வருகிறது. ராத்தா வீட்டுச் சுற்றுச்சுவர் வருகிறது. பச்சை நிறத்தில்.

"எம்மக கலியாணத்துக்குச் சந்தனக் கலரு அடிச்சோம்ல. இதுல பச்சையா இருக்கு பாரு. எங்க வீடு வருதான்னு நான் கடைசிவரைக்கும் பாத்தேன்."

"நீங்க காலையிலயே சொல்லியிருக்கலாமே ராத்தா."

"ஒங்க மொறை எனக்கென்னம்மா தெரியும்? தெருவே எலை கட்டவும், கோயில்ல சொல்லித்தான் கட்டுறாகன்னு இருந்துட்டேன்."

தெருவில் நேற்று மேளம் வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பரீட்சை என்பதால் வரவில்லை என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லி எங்களையே நம்பவைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் பறந்தார். அங்கிருந்து போனில் சொன்னார். கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு சாவு விழுந்துவிட்டதாம். தீட்டு என்பதால் காப்பை அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவைத்துக் கோயில் பலகையில் எழுதியும் போட்டிருக்கிறாராம்.

"பயறு போட்டுட்டேனே, அதக் கேட்டியளா?" என்றேன்.

"கேட்டேன். காப்புக் கட்டாமப் போட்டா அது வெறும் பயறுதானாம்."

சந்தோஷப்படுவதா, அழுவதா? நான் முதலில் செய்தது குழுவில் பேசி அனுப்பியதுதான். "ஏலே தம்பி, ஒனக்கு மூளை இருக்கா? போன வருசப் படத்த எதுக்குடா நேத்துப் போட்ட? எம்மக அங்கன ஆஸ்பத்திரியில கெடக்கா." உடனே பதில் வந்தது. நேற்றுக் காப்பு என்றுதான் அவரும் நினைத்தாராம். ஊரில் இல்லையே என்ற ஏக்கத்தில் பழைய படத்தை எடுத்துப் போட்டாராம். "மன்னிச்சிரு அக்கா" என்றார். அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ராத்தாவின் மகன் பைக்கில் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டான். தொண்டி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தேவிபட்டினம் தாண்டும்போது நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. கஞ்சியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் படியிலேயே மதினி உட்கார்ந்திருந்தார். "துடிப்பு நல்லா இருக்காம். ரத்தமும் நின்னுருச்சு. உள்ள போங்க" என்றார். ஆத்தா என்று படியிலேயே கைகூப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

மகள் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். படு ஆத்தா, படு என்று ஓடிப் பிடித்தேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் திரும்பி, "எங்க ஊர்ல காப்புக் கட்டியிருக்கு. கட்டுனா செத்தாலும் வெளிய தங்க மாட்டாக. எங்கம்மா எனக்காக அதயும் தாண்டி வந்துருச்சு" என்றாள். அந்தப் பெண் என்னை ஏதோ சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. காலையில் எனக்குப் பேசிய பிறகு மகள் போனைத் தொடவே இல்லை, அது மாமியார் பையில் கிடந்தது, குழுவில் நான் கத்தியது அவளுக்குத் தெரியாது.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தச் சந்தோஷம் அன்றைக்கு அவளுக்கு மருந்துதானே? ஆனால் என் வாய்க்கு அதெல்லாம் தெரியாது.

"காப்பே கட்டலத்தா. அது பழைய வீடியோவாம். இப்பத்தான் தெரிஞ்சு கெளம்பி வாரேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

"அப்ப, கட்டியிருந்தா வந்திருக்க மாட்டியாம்மா?"

வந்திருப்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து பைக்குள்ளும் பீரோவுக்குள்ளும் போய்வந்த சேலை கண்முன்னே வந்தது.

"தெரியலத்தா" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.