திருப்பாமல் தேய்த்த கல்

எங்கள் அண்ணன் திருவையாற்றுக்கு மேற்கே ஆற்றோர ஊரில் பிறந்தார். அப்பா நடவு, அறுப்புக்குப் போனவர். அவர் சீக்கிரமே இறந்துவிட்டார். அண்ணன் படிப்பை விட்டுத் தச்சு வேலைக்குப் போனார். அந்தக் கூலியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அக்கா கல்யாணமும் அதில்தான் நடந்தது. பிறகு அண்ணனும் நானும் பட்டறை வைத்தோம்.

அண்ணனுக்குக் கோபம் வருவது தீட்டுக்கல் குழி விழுந்து கிடந்தால்தான். குழிந்த கல்லில் தீட்டினால் உளியின் வாய் வளைந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் கருங்கல் பலகையில் சலித்த மணலும் தண்ணீரும் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்ப்பார். இரண்டு கையும் ஒன்றுபோல் அழுத்தாது என்பதால் பாதியில் கல்லைத் திருப்பிப் பிடிப்பார். கடைசியில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைக் கல்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். இடையில் சந்து தெரியக் கூடாது.

போன ஐப்பசியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இனி அந்தக் கையால் வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எனக்கும் அண்ணிக்கும் சொன்னார். அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை.

"தைக்குள்ள சரியாயிடும்ணே" என்றேன்.

"எந்த வருசத்துத் தை?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு புதுக்கல் வாங்கிவரச் சொன்னார். தினமும் பட்டறையில் உட்கார்ந்து அதைத் தேய்த்தார். வலது கையை இடது கையால் தூக்கிக் கல்மேல் வைத்துக்கொள்வார்.

"திருப்பிப் பிடிங்கண்ணே. ஒரு பக்கமாத் தேயுது."

"திருப்பினா கல்லு சரியாயிடும்டா. கை எப்படி இருக்குன்னு தெரியாது."

"கல்லையே கட்டிக்கிட்டு இருங்க, கஞ்சி ஆறுது" என்பார் அண்ணி.

"சூடா குடிச்சாலும் உன் கஞ்சி அதே ருசிதான்."

தை போனது. மாசியில் ஒரு காலை மூலைமட்டம் கேட்டார். நான் கல்மேல் வைத்துப் பிடித்தேன். இடது பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. வலது பக்கம் கடையில் வாங்கினபடியே இருந்தது.

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"சொன்னார்ணே."

"உங்க அண்ணிக்கு?"

"தெரியும்."

"சரி. உளியெல்லாம் நீ எடுத்துக்க. எண்ணெய் தடவி வை."

அதற்குப் பிறகு பட்டறைக்கு வரவில்லை. சாப்பாடு குறைந்தது. ஆனியில், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், இறந்தார்.

அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு வேன் அனுப்பிய, நாங்கள் மரம் வாங்கும் மரவாடிக்காரருக்கும், அண்ணியை விட்டு நகராத அக்காவுக்கும் நன்றி. பங்குனி, சித்திரையில் பார்க்க வந்த உறவினர்களும் ஊர்க்காரர்களுமான நீங்கள் எல்லாரும் கை சரியாகிவிடும் என்றே சொன்னீர்கள். அண்ணன் "ஆயிடும், ஆயிடும்" என்று தலையாட்டினார். அவருக்குத் தெரியும். உங்கள் முகம் வாடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். நீங்கள் வந்து சொன்னதற்கும் நன்றி.

இப்படிக்கு,
தம்பி