வருந்துகிறோம் என்றொரு பிளக்ஸ்

எங்கள் தெரு முனையில் நட்டிருந்த இரண்டு கழிகளுக்கு நடுவே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பிளக்ஸ் தொங்கும். பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. இந்த வகைகள் எதிலும் சேராத ஒன்று, நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது தொங்கியது. மேலே பெரிய எழுத்தில் ‘வருந்துகிறோம்’ என்று இருந்தது. கீழே வருந்துகிறவர்களின் படங்கள், கைகூப்பிச் சிரித்தபடி. நடுவில் மாடி அக்கா.

மாடி அக்கா எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர். செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் மாடி அறை என்றால் அதில் ஒரு வெளிநாட்டவர் இருப்பார்; பெரும்பாலும் வெள்ளைக்காரர். இவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தார். தலை நிறைய மெல்லிய பின்னல்கள். மாலையில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த தமிழ்: போதும், நாளைக்கு, காரம் கம்மி.

அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்கு பிளக்ஸ் கடையில் டிசைனர் வேலை. எந்த முகம் வந்தாலும் முதலில் அதைச் சற்று வெளுப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மாமா ஏறக்குறைய மாடி அக்காவின் நிறம். பெண் பார்க்கக் கொடுத்த தன் படத்துக்கும் அவர் அதே வேலையைச் செய்திருந்தார். நேரில் வந்த பெண் வீட்டார், “போட்டோல வேற மாதிரி இருந்தாரு” என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு பௌர்ணமியன்று மாடி அக்கா தனியாகக் கிரிவலம் போனார். அடி அண்ணாமலையைத் தாண்டி, இருட்டத் தொடங்கிய நேரத்தில் சில இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் செல்ஃபி கேட்டார்கள். பிறகு அவர் நிறத்தைச் சொல்லிக் கத்தினார்கள், குரங்கைப் போலச் சத்தமிட்டார்கள். ஒருவன் பின்னலைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தான். வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவன் முகம் அக்காவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்த வீடியோ ஊரில் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. கை மாறி மாறி வந்ததில் யாரோ ஒரு சினிமாப் பாட்டையும் சேர்த்திருந்தார்கள். அம்மாவின் போனில் பார்த்தபோது அக்காவின் முகம் தண்ணீர் பட்ட கோலம் போலக் கலைந்திருந்தது. படத்திலிருந்த பையன்களை யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரியாது என்றார்கள்.

எங்கள் வாசலில் அன்று நிறையப் பேச்சு.

“பாவம்தான். ஆனா அவ்ளோ கூட்டத்துல தனியா எதுக்குப் போவணும்?” என்றார் எதிர்வீட்டு அத்தை.

“அவங்க நாட்டுல நம்ம ஆளுங்களயும் இப்படித்தான் பண்றாங்களாம்” என்றார் அவர் கணவர்.

“எந்த நாடுனு தெரியுமா உங்களுக்கு?” என்று அப்பா கேட்டார்.

“ஏதோ ஒண்ணு.”

எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் மாமா மட்டும் அன்று ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மாலையில் கடைக்காரர்கள் சங்கத் தலைவர் வந்தார். “கம்ப்ளெயின்ட்டுனு போனா இழுத்துக்கினே போவும் சார். எவனோ வெளியூர்க்காரன் பண்ணதுக்கு நம்ம சீசன் படுத்துடும். ஒரு சால்வ போட்டு, சாரி சொல்லி, மரியாதையா முடிச்சிக்கலாம்.”

அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா சற்று யோசித்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார்.

“சால்வ வேணாமாம். படம் புடிச்சவன் வந்து, ‘நான்தான்’னு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொன்னா போதுமாம். கம்ப்ளெயின்ட் குடுக்கமாட்டேன்றாங்க.”

தலைவர் மிகுந்த அனுதாபத்துடன் தலையசைத்தார். “அவ்ளோ கூட்டத்துல அவன எங்க போய்த் தேடறது? சரி, சால்வைக்கு நான் சொல்லிடறேன். பிளக்ஸுக்கு உங்க மச்சான் இருக்காரே.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. அக்கா ஒன்று கேட்டார், இவர்கள் வேறொன்றைத் தயார் செய்தார்கள். ஆனாலும் கேட்டது கிடைத்துவிட்டதைப் போல எல்லாரும் நிம்மதியானார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் கடையில் மாமாவின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அக்காவிடம் யாரும் படம் கேட்கவில்லை. அந்த வீடியோவிலிருந்தே, பின்னல் இழுபட்ட நொடியை எடுத்து, இழுத்த கையை மட்டும் வெட்டியிருந்தார் மாமா. திரையில் ஒவ்வொரு பின்னலும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணோரம் நின்ற நீர்கூடத் தெரிந்தது.

“போன்ல கலங்கலா இருந்துது. இதுல எப்படி மாமா இவ்ளோ தெளிவா இருக்கு?”

“கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணலாம்.”

பிறகு வழக்கமான வேலையைத் தொடங்கினார். அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

“இது எதுக்கு?”

“மரியாதைக்குடி. போய் வீட்டுப்பாடம் எழுது.”

ஞாயிற்றுக்கிழமை தெரு முனையில் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்தார்கள். அப்பா கெஞ்சியதால்தான் அக்கா வந்தார். சால்வை போர்த்தும்வரை தலைகுனிந்தே இருந்தார். போட்டோவுக்காகத் திரும்பி நிற்கச் சொன்னபோதுதான் பிளக்ஸைப் பார்த்தார். கிட்டே போய், தன் கண்ணோரத்து நீரை விரலால் தொட்டார். தன் போனை எடுத்து அந்த வீடியோவை நிறுத்தி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பாவிடம் ஏதோ கேட்டார்.

“இத யாரு பண்ணாங்கன்னு கேக்கறாங்க” என்றார் அப்பா மைக்கில்.

“நம்ம புள்ளதான்! எங்க அவன்? மேல வா!” என்று மாமாவைத் தள்ளிவிட்டார்கள்.

“படம் எங்க கெடச்சுதுனு கேக்கறாங்க” என்றார் அப்பா. இந்த முறை மைக்கைத் தாழ்த்திக்கொண்டார்.

“வாட்ஸ்அப்ல வந்தது” என்றார் மாமா, தன் செருப்பைப் பார்த்து.

அக்கா போனை பிளக்ஸுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாமா செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அக்கா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து மாமாவுக்குப் போர்த்தினார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது நான்தான். அப்பா மட்டும் மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

அன்று மத்தியானமே அக்கா பையைக் கட்டினார். கணக்கு நோட்டோடு படியேறிப் போய், “நாளைக்கு?” என்று கேட்டேன். என் தலையைத் தடவி, “போதும்” என்றார். போகிற வழியில் புகார் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு யாரும் விசாரிக்க வரவில்லை. அப்பா வெகுநாள் மாமாவோடு பேசவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா அடுப்படி வேலையில் மும்முரமாகிவிடுவார்.

கல்லூரியில் படங்களைச் சுருக்கி அனுப்பும் முறைகளைப் படித்தபோது ஒரே படத்தைப் போனிலிருந்து போனுக்கு மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தோம். ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்று உதிர்ந்தது. அப்படிக் கலைந்து வந்த படத்திலிருந்து, கண்ணோரத்தில் நின்ற ஒரு சொட்டு நீரை அன்றைய எந்தக் கம்ப்யூட்டராலும் திரும்ப எடுத்திருக்க முடியாது. அது, எடுத்தவன் போனில் மட்டும்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளிநாட்டு அக்கா போட்ட சால்வை ஆயிற்றே, தரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் மாமாவிடம் கேட்டேன். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். இருட்டும்வரை அதைப் போர்த்திக்கொண்டு, தெருவில் மேலும் கீழும் நடந்தேன். கேட்டதும் கொடுத்துவிட்டாரே, மாமாவுக்குத்தான் என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.